ஸ்டர்லிங் கோட்டை: கட்டியவரும் மாற்றியவரும்

ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியில், ஃபோர்த் என்னும் ஆறு வளைந்து வளைந்து செல்லும் சமவெளியில், செங்குத்தான பாறைக் குன்று ஒன்று தனித்து எழுந்து நிற்கிறது. எரிமலைக் குழம்பு நிலத்தின் அடியில் இறுகி உருவான கரும்பாறை அது. அதன் உச்சியில் அமைந்துள்ளதே ஸ்டர்லிங் கோட்டை. கீழிருந்து நோக்குவோர்க்கு அஃது ஒரே காலத்தில், ஒரே மன்னனின் ஆணையால் எழுந்த ஒரே கட்டடமாகத் தோன்றும். ஆனால், மேலேறிச் சென்று கோட்டையின் உள்முற்றத்தில் நின்று நாற்புறமும் நோக்கினால் அந்த எண்ணம் மறைந்துவிடும்.

முற்றத்தின் மேற்கே மன்னரின் பழைய மாளிகை. கிழக்கே பொன்மஞ்சள் நிறச் சுண்ணப் பூச்சுடன் பளிச்சிடும் பெருமண்டபம். தெற்கே சுவரெங்கும் சிலைகள் நிற்கும் அரண்மனை. வடக்கே அரசவைத் தேவாலயம். இந்நான்கும் ஏறத்தாழ 1496 முதல் 1594 வரையிலான நூறாண்டுக் காலத்துக்குள் எழுந்தவை. எனினும், இவற்றுள் ஒன்றேனும் கட்டியவர் விட்டுச் சென்ற கோலத்தில் மாறாமல் நம் காலம் வரை வந்து சேரவில்லை. குறைக்கப்பட்டவை உள, பிரிக்கப்பட்டவை உள, தீக்கிரையாகி வேறு வடிவம் பெற்றது உண்டு, மீண்டும் பழைய வடிவுக்குக் கொண்டுவரப்பட்டவையும் உள. கோட்டை ஒன்றின் வரலாறு கட்டியவரின் வரலாறு மட்டுமன்று. இடித்தவர், மாற்றியவர், மீட்டவர் ஆகிய அனைவரின் வரலாறுமாகும் என்பதற்கு ஸ்டர்லிங் தக்க சான்றாக விளங்குகிறது.

குன்றும் ஆறும்

இக்குன்றின் சிறப்பு அதன் உயரத்தில் மட்டும் இல்லை. அது நிற்கும் இடத்திலும் இருக்கிறது. கடலை நோக்கி அகன்று செல்லும் ஃபோர்த் ஆற்றுக்குப் பண்டைக்காலத்தில் பாலம் அமைக்கக்கூடிய கடைசி இடம் ஸ்டர்லிங்தான். அதற்குக் கிழக்கே ஆறு அகன்றுவிடும். மேற்கே சதுப்பு நிலம் வழியை மறிக்கும். ஆதலால், ஸ்காட்லாந்தின் தென்பகுதியிலிருந்து வடபகுதிக்குச் செல்ல விரும்பிய எந்தப் படையும் இக்குன்றின் நிழலைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. ஸ்டர்லிங்கை வைத்திருந்தவர் நாட்டின் இடுப்பைப் பிடித்திருந்தார் எனலாம்.

ஏறத்தாழ 1110ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் அலெக்சாந்தர் இங்கிருந்த தேவாலயம் ஒன்றுக்குக் கொடை வழங்கியதே இக்கோட்டையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதற் குறிப்பாகும். அதன்பின் இங்கிலாந்துடன் நிகழ்ந்த போர்களில் கோட்டை பலமுறை கைமாறியது. 1297இல் வில்லியம் வாலசும் ஆண்ட்ரு மோரேயும் குன்றின் அருகிலிருந்த மரப்பாலத்தில் ஆங்கிலப் படையைத் தோற்கடித்தனர். 1304இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளிருந்தோர் பணிய முன்வந்த பின்னரும், தாம் புதிதாகச் செய்வித்த ‘போர் ஓநாய்’ என்னும் மாபெருங் கல்லெறி பொறியின் ஆற்றலைச் சோதித்துப் பார்த்த பிறகே அவர்களின் பணிவை அவர் ஏற்றார்.

1314இல் கோட்டையின் அருகே பானக்பர்ன் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் ஸ்காட்லாந்து மன்னர் இராபர்ட் புரூஸ் ஆங்கிலேயரை வென்றார்; கோட்டை அவர் கைக்கு வந்தது. வென்றவர் அதை வலுப்படுத்தியிருப்பார் என்று நாம் எண்ணுவோம். அவரோ அதன் அரண்களை இடித்துத் தகர்த்தார்! பகைவன் மீண்டும் கைப்பற்றினால் அவனுக்கு அது பயன்படலாகாது என்பதே காரணம். இதன் விளைவாக, இப்போர்களைக் கண்ட கட்டடங்கள் எவையும் இன்று குன்றின்மேல் இல்லை. இப்போதுள்ளவற்றுள் மிகப் பழையவை 1381ஆம் ஆண்டைச் சேர்ந்த வடக்கு வாயிலின் சில பகுதிகளே. இக்கோட்டைக்கு நேர்ந்த முதற்பெரும் மாற்றத்தைச் செய்தவர் பகைவர் அல்லர். நாட்டின் சொந்த மன்னரே என்பது கருதத்தக்கது.

அரண் அரண்மனையாதல்

1488இல் அரியணை ஏறிய நான்காம் ஜேம்ஸ் கல்வியிலும் கலையிலும் ஈடுபாடு மிக்கவர். ஐரோப்பிய அரசர்களுக்கு ஈடாகத் தம் அவை விளங்க வேண்டும் என்று விரும்பியவர். குன்றின் மிகப் பாதுகாப்பான மேற்கு விளிம்பில், 1496ஆம் ஆண்டளவில், தாம் தங்குவதற்கென ஒரு மாளிகையைக் கட்டினார். அதுவே இன்று ‘மன்னரின் பழைய மாளிகை’ எனப் பெயர் பெற்றுள்ளது. பின்னர் முற்றத்தின் கிழக்குப் புறத்தில் பெருமண்டபத்தை எழுப்பினார். அது 1503ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது.

அம்மண்டபம் ஏறத்தாழ 42 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் கொண்டது. ஸ்காட்லாந்தில் இடைக்காலத்தில் கட்டப்பட்ட மண்டபங்களுள் இதுவே மிகப் பெரியது. குளிர் போக்க ஐந்து கணப்படுப்புகள் சுவர்களில் அமைந்தன. மன்னரும் அரசியும் அமரும் மேடையின் இருபுறமும் உயரமான சாளரங்கள் வெளிநோக்கிப் புடைத்து நின்று, அரியணைமீது ஒளி விழச் செய்தன. மேலே ஓக் மரத்தாலான கூரை. நடுவே ஒரு தூணும் இன்றி, இருபுறச் சுவர்களிலிருந்து நீண்ட குறு உத்தரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அக்கூரையைத் தாங்கின. விருந்துக்கு வந்த அயல்நாட்டுத் தூதர் தலையை உயர்த்திப் பார்த்தபோதே மன்னரின் செல்வாக்கை உணர்ந்திருப்பார்.

கோட்டையின் முகப்பையும் நான்காம் ஜேம்ஸ் புதுப்பித்தார். உயர்ந்த வட்டக் கோபுரங்கள் காக்கும் வாயிலும், அதன் இருமருங்கும் நீண்ட மதிலும், மதிலின் முனைகளில் சதுரக் கோபுரங்களும் எழுந்தன. பீரங்கிகள் பெருகத் தொடங்கிவிட்ட காலம் அது. உயர்ந்த கோபுரம் பீரங்கிக்கு எளிய இலக்கு என்பதை அக்காலத்தவர் அறியாதவர் அல்லர். ஆகவே, அம்முகப்பு தாக்குவோரைத் தடுப்பதைக் காட்டிலும், வருவோரை வியக்க வைப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டிருந்தது எனலாம். அரணாகத் தோன்றிய ஸ்டர்லிங் அரண்மனையாக மாறத் தொடங்கியது இவர் காலத்தில்தான். 1513இல் ஃபுளாடன் போர்க்களத்தில் மன்னர் மாண்டார்.

கல்லில் நின்ற தெய்வங்கள்

அவர் மகன் ஐந்தாம் ஜேம்ஸ் பிரெஞ்சு அரசகுலத்துடன் உறவு பூண்டவர். 1537இல் பிரெஞ்சு இளவரசி மாதலேனை மணந்தார். அவர் அதே ஆண்டில் இறந்தார். 1538இல் கீஸ் குடும்பத்து மேரியை மணந்தார். அந்த அரசிக்கு ஏற்ற இல்லமாக, முற்றத்தின் தெற்கே புதிய அரண்மனை எழலாயிற்று. பிரெஞ்சு நாட்டுக் கற்சிற்பிகளும் அதில் பணியாற்றினர். நடுவே ஒரு சிறு முற்றம். அதனைச் சுற்றி மன்னருக்கு மூன்று அறைகள், அரசிக்கு மூன்று அறைகள். வெளியறை வரை வரக்கூடியவர் பலர். உள்ளறைக்குள் அழைக்கப்படுவோர் சிலர். பள்ளியறையை அணுகும் உரிமை பெற்றோர் மிகச் சிலர். ஒருவர் எந்த வாயில் வரை செல்லலாம் என்பதே அவையில் அவர் பெற்ற மதிப்பைக் காட்டியது. கட்டட அமைப்பே அரசியல் முறையாக விளங்கிய விந்தை இது.

அரண்மனையின் வெளிச்சுவர்களில் உள்ள மாடங்களில் சிலைகள் நிற்கின்றன. வீனஸ், சனி முதலிய உரோமானியத் தெய்வங்களும் அங்கே உண்டு, சாத்தானும் உண்டு, தாடியுடன் கூடிய ஐந்தாம் ஜேம்ஸ் மன்னரின் உருவமும் உண்டு. இத்தாலியில் தோன்றிப் பிரான்சு வழியாகப் பரவிய மறுமலர்ச்சிக் கலை, பிரித்தானியத் தீவில் இவ்வளவு முழுமையாக முதலில் வெளிப்பட்ட இடங்களுள் இது ஒன்று.

உள்ளே, மன்னரின் உள்ளறைக் கூரையை ஓக் மரத்தில் செதுக்கிய வட்டப் பலகைகள் அணிசெய்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் குறுக்களவு உடையது. அரசர், அரசியர், உரோமப் பேரரசர், புராண வீரர் எனப் பலருடைய முகங்கள் அவற்றில் புடைத்து நின்றன. ‘ஸ்டர்லிங் தலைகள்’ என்று பெயர் பெற்ற இவை ஸ்காட்லாந்து மரச்சிற்பத்தின் தலைசிறந்த செல்வங்களாக மதிக்கப்படுகின்றன. ஆனால், கட்டுவித்த மன்னர் அரண்மனையில் நெடுங்காலம் வாழக் கொடுத்துவைக்கவில்லை. 1542இல் அவர் இறந்தபோது, அவருடைய மகள் மேரி பிறந்து ஆறு நாள்களே ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அக்குழந்தைக்கு ஸ்டர்லிங் கோட்டையின் பழைய தேவாலயத்தில் முடிசூட்டினர்.

அந்தப் பழைய தேவாலயமும் நிலைக்கவில்லை. மேரியின் மகன் ஆறாம் ஜேம்ஸ், தம் முதல் மகன் ஹென்றியின் ஞானதீட்சைக்காக 1594இல் அதை அகற்றிவிட்டு, சற்று வடக்கே புதிய தேவாலயத்தைக் கட்டினார். அதனால் உள்முற்றம் ஒழுங்கான சதுர வடிவம் பெற்றது. அரைவட்ட வளைவுடைய இரட்டைச் சாளரங்களும், உரோமானியரின் வெற்றி வளைவை ஒத்த வாயிலும் அதன் முகப்பில் அமைந்தன. சடங்கிற்குப் பின், பெருமண்டபத்தில் நடந்த விருந்தில் கொடிமரங்களும் பாய்களும் கொண்ட மாதிரிக் கப்பல் ஒன்று மீன் உணவுகளை ஏற்றி வந்ததாம். கோட்டையின் அரச வாழ்வு உச்சம் தொட்ட நாள் அது.

மன்னர் அகன்றார், படைவீரர் வந்தனர்

1603இல் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையையும் பெற்று இலண்டனுக்குச் சென்றார். அதன் பிறகு 1617இல் ஒரே ஒரு முறைதான் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்தார். மன்னர் இல்லாத அரண்மனைக்கு என்ன வேலை? அவர் மகன் முதலாம் சார்லசின் வருகையை எதிர்நோக்கி 1628-29இல் தேவாலயத்தின் உட்சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள். அரசருக்காக நிகழ்ந்த அலங்காரங்களுள் ஏறத்தாழ இறுதியானது அதுவே. பின்னர் கோட்டை மெல்ல மெல்லப் படைவீரர் கைக்கு மாறியது.

1708இல் அரியணை உரிமை கோரிய ஸ்டூவர்ட் இளவரசரை ஏற்றிக்கொண்டு பிரெஞ்சுக் கப்பற்படை ஃபோர்த் கழிமுகம் வரை வந்து திரும்பியது. அந்த அச்சத்தால் அடுத்த ஆறாண்டுகளில் கோட்டையின் வெளி அரண்கள் பீரங்கிப் போருக்கு ஏற்றவாறு விரிவாக்கப்பட்டன. நான்காம் ஜேம்ஸ் பெருமையுடன் எழுப்பிய முகப்புக் கோபுரங்கள் காலப்போக்கில் குறைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பீரங்கி மேடையாயிற்று. 1746இல் இளவரசர் சார்லஸ் எட்வர்டின் படை முற்றுகையிட்டும் கோட்டையை வெல்ல முடியவில்லை.

அமைதிக் காலமோ போர்க்காலத்தைவிடப் பெரிய மாற்றங்களைச் செய்தது. 1777இல் மன்னரின் உள்ளறைக் கூரையிலிருந்து சிற்பப் பலகை ஒன்று வீழ்ந்தது. அதனால் எல்லாப் பலகைகளும் கழற்றப்பட்டுப் பலரிடம் சிதறின. நல்லூழாக, அவற்றின் அருமையை உணர்ந்தோர் அவற்றை வரைந்து வைத்தனர். அவ்வோவியங்கள் அடங்கிய நூல் 1817இல் வெளிவந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருமண்டபம் படைவீரர் குடியிருப்பாக்கப்பட்டது. உள்ளே இடைத்தளங்களும் தடுப்புச் சுவர்களும் எழுந்தன. ஓக் மரக் கூரை அகற்றப்பட்டது. நெடிய சாளரங்கள் சிறு சாளரங்களாயின. தூதர்கள் வியந்த மண்டபத்தில் கட்டில்களும் துப்பாக்கிகளும் வரிசை பிடித்தன. தேவாலயமும் கிடங்காகவும் உணவுக்கூடமாகவும் பயன்பட்டது. 1855இல் மன்னரின் பழைய மாளிகையில் தீப்பற்றியது. பில்லிங்ஸ் என்னும் கட்டடக் கலைஞர், தம் காலத்தில் விரும்பப்பட்ட பழம்பாணியில் அதன் ஒரு பகுதியைப் புதிதாக வடிவமைத்தார்.

இவற்றையெல்லாம் அழிவு என்று மட்டும் சொல்லிவிடலாமா? அவ்வாறு சொல்வதற்கு முன் ஒன்றை எண்ண வேண்டும். படைவீரர் குடியிராதிருந்தால், பயனற்ற அரண்மனைகள் பலவற்றைப் போல இதுவும் கூரையிழந்து, கல் களவுபோய், வெறுங்குவியலாகியிருக்கக் கூடும். மண்டபத்தைச் சிதைத்த அதே பயன்பாடுதான் அதன் சுவர்களைக் காத்தது.

மேலும், அப்படைவீரர் வரலாறு மலாயாவையும் தொட்டுச் செல்கிறது. 1881இல் உருவான ஆர்கைல்-சதர்லாந்து ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவின் தலைமைத் தங்குமிடம் ஸ்டர்லிங் கோட்டையே. அதன் இரண்டாம் அணி 1942 ஜனவரியில் சிலிம் ரிவர் போரில் சப்பானியரிடம் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. அதே மாதம் 31ஆம் நாள், பின்வாங்கிய நேசப் படைகளுள் இறுதியாக ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் நுழைந்ததும் அவ்வணியின் எஞ்சிய வீரர்களே.

பழைய வடிவை மீட்டல்

1964இல் படைப்பிரிவின் தலைமைத் தங்குமிடம் கோட்டையை விட்டு அகன்றது. அதன்பின் பெருமண்டபத்தை மீட்கும் பணி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்றது. இடைத்தளங்களும் தடுப்புச் சுவர்களும் நீக்கப்பட்டன. பழைய வரைபடங்களையும் சுவரில் எஞ்சிய அடையாளங்களையும் கொண்டு கூரையின் அமைப்பைக் கணித்தனர். ஏறத்தாழ 350 ஓக் மரங்களைக் கொண்டு புதிய கூரை எழுந்தது. 1999 நவம்பர் 30ஆம் நாள் இரண்டாம் எலிசபெத் அரசி மண்டபத்தைத் திறந்து வைத்தார்.

அப்போது எழுந்த சர்ச்சை நினைவுகூரத்தக்கது. எஞ்சியிருந்த பழைய பூச்சின் சுவடுகளை ஆராய்ந்து, மண்டபத்தின் வெளிச்சுவர் முழுவதும் பொன்மஞ்சள் நிறச் சுண்ணத்தைப் பூசினர். ‘அரச பொன்’ என்று அந்நிறத்துக்குப் பெயரிட்டனர். கோட்டை என்றாலே சாம்பல் நிறக் கல் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய நகர மக்கள் பலர் இதை ஏற்கவில்லை. அவர்களுக்கு உண்மையான பழமை பொய்யாகத் தோன்றியது. காலத்தால் பூச்சு உதிர்ந்து தெரிந்த கல்லே உண்மையாகத் தோன்றியது. சுண்ணப் பூச்சு அழகுக்காக மட்டுமன்று, மழையிலிருந்து கல்லைக் காக்கவும் இடப்பட்டது என்பதை அவர்கள் அறிந்துகொள்ளச் சில காலம் பிடித்தது.

அடுத்து அரண்மனையின் முறை. சிதறிய ‘தலைகள்’ பெரும்பாலும் மீட்கப்பட்டுத் தனிக் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டன. அவற்றைப் பார்த்துச் செதுக்கிய புதிய பலகைகள் பளிச்சிடும் வண்ணங்களுடன் கூரையில் பொருத்தப்பட்டன. 2011இல் அரண்மனை மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. ஐந்தாம் ஜேம்ஸ் மன்னரிடம் ஒற்றைக்கொம்புக் குதிரையின் கதையைச் சித்திரிக்கும் திரைச்சீலைகள் இருந்தன என்று அக்காலப் பொருட்பட்டியல் கூறுகிறது. அவை இன்று இல்லை. ஆகவே, நியூயார்க்கில் உள்ள அவ்வகைத் திரைகளை முன்மாதிரியாகக் கொண்டு ஏழு திரைகள் கையால் நெய்யப்பட்டன. அப்பணிக்கு ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆயின.

மூலமும் இடைச்செருகலும்

இங்கே எழும் வினா தமிழ் கற்போர்க்குப் புதியதன்று. பழைய ஏட்டைப் பதிப்பிப்போர், இது மூலம், இது இடைச்செருகல் என்று பிரித்தறிய முயல்வர். இடைச்செருகலை அவர்கள் நீக்கினாலும் ஏடு அழிவதில்லை. ஐயமுற்றவர் ஏட்டை மீண்டும் புரட்டிப் பார்க்கலாம். கட்டடத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெருமண்டபத்தை 1503ஆம் ஆண்டுக்குத் திருப்ப வேண்டுமானால், அங்கு வாழ்ந்த படைவீரரின் தளங்களையும் சுவர்களையும் தகர்த்தே ஆக வேண்டும். தகர்த்தவை திரும்புவதில்லை. பிற்காலத்தவர்க்கு எஞ்சுபவை அவற்றைப் பற்றிய குறிப்புகளும் படங்களுமே.

ஸ்டர்லிங்கில் இவ்வினாவுக்கு ஒரே விடை அளிக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பெருமண்டபம் நான்காம் ஜேம்ஸ் காலத்துக்கும், அரண்மனை ஐந்தாம் ஜேம்ஸ் காலத்துக்கும் திருப்பப்பட்டன. முகப்புக் கோபுரங்கள் குறைக்கப்பட்ட நிலையிலேயே விடப்பட்டன. மன்னரின் பழைய மாளிகை 19ஆம் நூற்றாண்டு வடிவிலேயே நிற்கிறது. அங்கே படைப்பிரிவின் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. மண்டபத்தில் இடமிழந்த வீரர்களின் வரலாறு மாளிகையில் இடம்பெற்றது எனலாம்.

இதனால் ஓர் அரிய உண்மை புலப்படுகிறது. 1500களின் மண்டபமும், 1850களில் மாறிய மாளிகையும் எதிரெதிரே நிற்கும் இன்றைய முற்றத்தை, இதே கோலத்தில், முற்காலத்தவர் எவரும் கண்டதில்லை. நான்காம் ஜேம்ஸ் வந்து நின்றால் தம் மண்டபத்தை அடையாளம் காண்பார். அதை அடுத்துள்ள அரண்மனை அவருக்குப் புதிது. ஆறாம் ஜேம்ஸ் வந்தால் அரண்மனையை அறிவார். தாழ்ந்த கோபுரங்களைக் கண்டு திகைப்பார். 1900ஆம் ஆண்டின் படைவீரன் வந்தால் தான் உறங்கிய இடத்தைத் தேடி அலைவான். பழமையை மீட்டவர்களும் தம்மை அறியாமலே புதியதொரு கோட்டையைக் கட்டியிருக்கின்றனர். கட்டியவர், மாற்றியவர் என்னும் வரிசையில் அவர்களும் ஒரு படிதான்.

ஆதலால், பழங்கட்டடம் ஒன்றின் முன் நிற்கும் மாணவர், ‘இதைக் கட்டியவர் யார்?’ என்ற ஒரு கேள்வியோடு நிறைவடைதல் ஆகாது. இதை மாற்றியவர் யார், எதற்காக மாற்றினார், மீட்டவர் எந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்தார், அதற்காக எந்தக் காலத்தை நீக்கினார் என்றும் கேட்டல் வேண்டும். பொன்னிறம் பூசப்பட்ட அம்மண்டபத்தின் உயர்ந்த கூரையை வியக்கும் அதே வேளையில், அதன்கீழ் ஒருகாலத்தில் இடைத்தளங்களில் கட்டிலிட்டு உறங்கி, தொலைதூரப் போர்முனைகளுக்குப் புறப்பட்டுப் போன பெயரறியா வீரர்களையும் எண்ணிப் பார்ப்பவரே அக்கோட்டையை முழுமையாகக் கண்டவராவார்.